ஆட்டுவதால் நிற்கும் அணுக்கள்

ஒரு பொருளை ஆட்டினால் அது இடம்பெயரும் என்பது அன்றாட அனுபவம் தரும் பாடம். சல்லடையை அசைத்தால்தான் மாவு கீழே இறங்குகிறது, அசைக்காமல் வைத்தால் அப்படியே தங்கிவிடுகிறது. தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்விக்கப்பட்ட அணுக்களின் உலகில் இந்தப் பாடம் செல்லாது. அங்கே ஒரே சீராகத் திரும்பத் திரும்பச் செயல்படும் ஒரு விசை, தங்குதடையின்றிப் பரவிக்கொண்டிருக்கும் அணுக்களை நிறுத்திவிடவும் வல்லது, ஏற்கெனவே நின்றுபோன அணுக்களை மீண்டும் பரவச் செய்யவும் வல்லது. இரண்டில் எது நிகழும் என்பதை, எந்தப் பகுதி ஆட்டப்படுகிறது, எவ்வளவு வீச்சில் ஆட்டப்படுகிறது, எத்தனை அதிர்வெண்கள் அந்த ஆட்டத்தில் கலந்திருக்கின்றன என்பவை முடிவு செய்கின்றன. பொருளை மாற்றாமல், அதன்மீது செயல்படும் விசையின் கால ஒழுங்கை மட்டும் மாற்றி அதன் இயல்பையே மாற்றிவிடும் இந்த வழி, கடந்த முப்பது ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்களில் படிப்படியாகக் கைவந்திருக்கிறது.

அறை வெப்பநிலையில் உள்ள ஒரு ரூபிடியம் அணு நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் பறக்கிறது; அதை ஒரு கெல்வினின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குளிர்வித்தால் வேகம் நொடிக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். லேசர் ஒளியைக் கொண்டே அணுக்களை இவ்வாறு மெதுவாக்கும் முறையை உருவாக்கியதற்காக ஸ்டீவன் சூ, கிளாட் கோஹன்-டனூட்ஜி, வில்லியம் பிலிப்ஸ் ஆகியோர் 1997இல் நோபல் பரிசு பெற்றனர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1995இல், அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னலும் கார்ல் வீமனும் ரூபிடியத்தைக் கொண்டும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் வொல்ஃப்கேங் கெட்டர்லே சோடியத்தைக் கொண்டும் இன்னும் ஆழமான குளிரை எட்டி, ஏராளமான அணுக்கள் ஒரே குவாண்டம் அலையாக நடந்துகொள்ளும் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளை உருவாக்கியிருந்தனர். குளிரக் குளிர அணுவின் அலைத்தன்மை வெளிப்படுகிறது என்பதே இதில் முக்கியம். சூடான அணுவின் அலைநீளம் அணுவின் அளவைவிடவும் சிறியது என்பதால் அது துகளாகவே நடந்துகொள்கிறது, குளிர்ந்த அணுவின் அலையோ பல மைக்ரோமீட்டர் தூரத்துக்கு விரிந்து, தன்னோடு தானே குறுக்கிட்டுக்கொள்ளும் அளவுக்கு நீண்டுவிடுகிறது.

இந்த அணுக்களை வைத்துச் சோதிக்கும் மேடையும் ஒளியாலேயே ஆனது. எதிரெதிர்த் திசைகளில் வரும் இரண்டு லேசர் கற்றைகள் சந்திக்கும் இடத்தில் ஒளி மிகுந்த பட்டைகளும் ஒளியற்ற பட்டைகளும் அரை அலைநீள இடைவெளியில் மாறி மாறி அமைந்த நிலை அலை உருவாகிறது. லேசரின் நிறத்தைச் சற்று மாற்றினால் அணுக்கள் ஒளி மிகுந்த பட்டைகளை நாடும், அல்லது அவற்றை விட்டு விலகும். எப்படியாயினும் அணுவின் பார்வையில் அது ஒரு வரிசையில் சம இடைவெளியில் வெட்டப்பட்ட ஆற்றல் குழிகளின் தொடராகவே அமைகிறது. ஒளி அணிக்கோவை எனப்படும் இந்தத் தொடரில், ஒரு குழியில் இருக்கும் அணு இடையிலுள்ள மேட்டைத் தாண்டுவதற்குப் போதிய ஆற்றல் இல்லாதபோதும் அதை ஊடுருவி அடுத்த குழிக்குச் சென்றுவிடும்; குவாண்டம் ஊடுருவல் எனப்படும் இந்த நிகழ்வின் வீதத்தை, லேசரின் திறனைக் கூட்டிக் குறைத்து ஆய்வாளர் விரும்பியபடி அமைத்துக்கொள்ளலாம். குழிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தால் அணு அலை தடையின்றி அணிக்கோவை முழுவதும் பரவும்.

குழிகள் ஒன்றுபோல இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விதான் 1958இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிலிப் ஆண்டர்சன் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒழுங்கற்ற ஓர் அணிக்கோவையில் எலக்ட்ரான் மோதி மோதித் தடுமாறினாலும் காலப்போக்கில் எப்படியாவது பரவிவிடும் என்றே அதுவரை கருதப்பட்டது. ஆண்டர்சன் காட்டியது வேறு. ஒழுங்கின்மையால் சிதறிய அலையின் எண்ணற்ற கிளைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, தொலைவில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, தொடங்கிய இடத்தைச் சுற்றி மட்டும் வலுவாக நிலைத்துவிடக்கூடும். அப்போது எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் எலக்ட்ரான் அந்த வட்டாரத்தை விட்டு வெளியேறாது, அதன் அலை அங்கிருந்து விலக விலக அடுக்குக்குறி முறையில் தேய்ந்துவிடும். ஓரிடப்படுதல் என்று அழைக்கப்படும் இந்நிகழ்வில் எந்தச் சுவரும் எலக்ட்ரானைத் தடுக்கவில்லை என்பதே வியப்புக்குரியது. அலைகளின் குறுக்கீடு ஒன்றே சிறையாகிவிடுகிறது. இப்பணிக்கும் தொடர்புடைய பிற பணிகளுக்கும் ஆண்டர்சன் 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆண்டர்சனின் 1958ஆம் ஆண்டு ஆய்வுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1979இல், எலிஹு ஆபிரகாம்ஸ், ஆண்டர்சன், டொனால்ட் லிச்சியார்டெல்லோ, டி. வி. ராமகிருஷ்ணன் ஆகிய நால்வரும் எழுதிய கட்டுரை இத்துறைக்கு ஒரு முதுகெலும்பைத் தந்தது. சென்னையில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் வாரணாசியிலும் பணியாற்றிய ராமகிருஷ்ணனின் பெயர் தமிழ் வாசகர்களிடையே இன்னும் பரவலாக அறியப்படாதது வருத்தத்துக்குரியது. உலகெங்கும் இயற்பியல் மாணவர்கள் படிக்கும் அடிப்படைக் கட்டுரைகளுள் ஒன்று அது. ஒரு பரிமாணத்திலும் இரண்டு பரிமாணங்களிலும் எவ்வளவு சிறிய ஒழுங்கின்மையும் இறுதியில் அலையை ஓரிடப்படுத்திவிடும் என்றும், மூன்று பரிமாணங்களில் மட்டும் ஒழுங்கின்மை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் கடத்தியாக இருந்த பொருள் கடத்தாப் பொருளாக மாறும் என்றும் அந்நால்வர் வாதிட்டனர்.

உலோகத் துண்டுகளில் இதைச் சோதிப்பது எளிதாக இருக்கவில்லை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன, படிகம் ஓயாமல் அதிர்கிறது, ஒழுங்கின்மையின் அளவைத் திருகி மாற்ற வழியில்லை. குளிர் அணுக்களில் இத்தொல்லைகள் இல்லை என்பதால், 2008இல் இரண்டு குழுக்கள் அணு அலை வெளியில் ஓரிடப்படுவதை நேரடியாகவே கண்டன. பிரான்சின் பாலெசோவில் அலான் ஆஸ்பே குழுவினர், சொரசொரப்பான கண்ணாடி வழியே செலுத்தப்பட்ட லேசர் உருவாக்கும் ஒழுங்கற்ற புள்ளிக்கோலத்தில் ரூபிடியம் செறிபொருளை விரியவிட்டு, அது பாதியில் நின்றுவிடுவதைப் படம்பிடித்தனர். இத்தாலியின் ஃபிளாரன்சில் மாசிமோ இங்குஷியோ குழுவினர் எடுத்துக்கொண்ட வழி வேறு, இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அதுவே நெருக்கமானது.

அவர்கள் 1032 நானோமீட்டர் ஒளியால் ஓர் அணிக்கோவையை அமைத்து, அதன்மீது 862 நானோமீட்டர் ஒளியால் வலுக்குறைந்த இன்னொரு அணிக்கோவையைப் போர்த்தினர். இரண்டும் தனித்தனியே ஒழுங்கானவை. ஆனால் இரண்டின் இடைவெளிகளும் எளிய முழு எண் விகிதத்தில் பொருந்தாததால், முதல் அணிக்கோவையின் ஒவ்வொரு குழியும் இரண்டாவதால் வெவ்வேறு அளவுக்கு உயர்த்தப்படுகிறது அல்லது தாழ்த்தப்படுகிறது, எங்கும் அதே வரிசை திரும்ப வருவதில்லை. படிகத்தின் முழு ஒழுங்கும் இல்லாமல், கண்ணாடியின் முழு ஒழுங்கின்மையும் இல்லாமல் இடைப்பட்டு நிற்கும் இவ்வமைப்பைக் குவாசி படிகத்தின் ஒரு பரிமாண வடிவம் எனலாம். இதில் அலை ஓரிடப்படும் நிபந்தனையை ஓப்ரியும் ஆண்ட்ரேயும் 1980இலேயே கணித்திருந்தனர்: குழிகளின் ஏற்றத்தாழ்வின் அளவு ஊடுருவல் ஆற்றலின் இருமடங்கைத் தாண்டும்வரை அலை எங்கும் பரவும், தாண்டியவுடன் எல்லா நிலைகளும் ஒருசேர ஓரிடப்படும். காந்தப்புலத்தால் அணுக்களின் பரஸ்பர மோதல் விளைவை அணைத்துவிட்ட பொட்டாசியம் செறிபொருளில் ஃபிளாரன்ஸ் குழுவினர் இதையே கண்டனர். மேலே தொகுதியில் குழிகளின் ஏற்றத்தாழ்வு, கீழே பகுதியில் ஊடுருவல் என்ற இந்த ஒரு பின்னமே அணுக்களின் விதியைத் தீர்மானிக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், ஒரே சீராகத் திரும்பத் திரும்பச் செயல்படும் காலச்சீர் விசை நுழையும் இடம் தெளிவாகும். அது தொகுதியையும் தொடலாம், பகுதியையும் தொடலாம்.

பகுதியைத் தொடும் வழி முதலில் அறியப்பட்டது. 1986இல் டன்லப்பும் கென்கரேயும், அணிக்கோவையில் இருக்கும் மின்னூட்டத் துகள்மீது முன்னும் பின்னுமாக அலையும் மின்புலம் செயல்பட்டால், அப்புலத்தின் வீச்சுக்கும் அதிர்வெண்ணுக்கும் இடையே சில குறிப்பிட்ட விகிதங்களில் துகள் பரவுவதே நின்றுவிடும் என்று காட்டினர். காரணத்தை இப்படி விளக்கலாம். அடுத்தடுத்த இரண்டு குழிகளுக்கிடையே விசை ஓர் ஆற்றல் வேறுபாட்டை உண்டாக்குகிறது, அந்த வேறுபாடு விசையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஆற்றல் வேறுபாடு இருக்கும்வரை இரு குழிகளிலும் உள்ள அலைப் பகுதிகளின் கட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகும், அதாவது ஒன்று முகட்டில் இருக்கும்போது மற்றொன்று பள்ளத்தை நோக்கி நகரும். ஊடுருவலின் பயன் இந்தக் கட்ட வேறுபாட்டைப் பொறுத்தது. ஒரு கணத்தில் முன்னோக்கிச் சேரும் பங்களிப்பு இன்னொரு கணத்தில் எதிர்க்குறியோடு வரலாம். ஒரு முழு ஆட்டத்துக்கும் சராசரி எடுத்தால் ஊடுருவல் பெஸ்ஸல் சார்பு என்ற கணிதச் சார்பினால் பெருக்கப்பட்டு நிற்கிறது. விசையின் வீச்சைக் குழிகளின் இடைவெளியால் பெருக்கி, கிடைக்கும் ஆற்றலை ஆட்டத்தின் ஒரு குவாண்டம் ஆற்றலால் வகுத்தால் வரும் எண்ணே அச்சார்பின் உள்ளீடு. உள்ளீடு சுழியாக இருக்கும்போது 1 என்ற மதிப்பில் தொடங்கும் சார்பு, 2.405ஐ எட்டும்போது சுழியாகிவிடுகிறது. முன்னே சென்ற பங்களிப்பும் பின்னே வந்த பங்களிப்பும் அங்கே கச்சிதமாக ஈடாகிவிடுகின்றன.

மின்னூட்டமற்ற அணுவின்மீது இத்தகைய விசையைச் செலுத்த மின்புலம் உதவாது. அணிக்கோவையையே ஆட்டினால் போதும். எதிரெதிர்க் கற்றைகள் இரண்டில் ஒன்றின் அதிர்வெண்ணைச் சிறிதளவு கூட்டிக் குறைத்தால் ஒளிப்பட்டைகள் முழுவதும் ஒருசேர இடமும் வலமுமாக அசையும், அவற்றோடு சேர்ந்து நகரும் பார்வையில் அது அணுக்கள்மீது செயல்படும் அலைவு விசையாகவே அமையும். இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் எனியோ அரிமொண்டோ, ஆலிவர் மோர்ஷ் ஆகியோரின் குழு 2007இல் ரூபிடியம் செறிபொருளை இப்படி ஆட்டிப் பார்த்தது. அணிக்கோவையின் நீளவாக்கில் அணுத்திரள் விரியும் வேகத்தை, ஆட்டத்தின் வீச்சைச் சிறிது சிறிதாகக் கூட்டியபடி அளந்தபோது, விரிவு படிப்படியாகத் தளர்ந்து, உள்ளீடு 2.4ஐ நெருங்கும்போது ஏறத்தாழ நின்றே போயிற்று, அதைத் தாண்டியதும் மீண்டும் தலைதூக்கியது. தாண்டிய பகுதியில் ஊடுருவலின் குறியே எதிராகிவிடுகிறது. இதைச் சரிபார்க்க, லேசர்களை அணைத்து அணுத்திரளைத் தடையின்றி விரியவிட்டு அதன் நிழலைக் கேமராவில் பதிவுசெய்தனர். வழக்கமாக நடுவில் ஒற்றை முகடாகத் தெரிய வேண்டிய படத்தில், நடு வெறுமையாகி இருபுறமும் இரண்டு முகடுகள் தோன்றின. எந்தக் கணக்கும் தெரியாதவர்கூட அந்தப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஏதோ அடிப்படையானது மாறிவிட்டது என்பதை உணர்வர்.

இந்த வித்தைக்கு எல்லை உண்டு. ஆட்டத்தின் அதிர்வெண் ஊடுருவல் வீதத்தைவிடப் போதிய அளவு உயர்ந்திருந்தால்தான் சராசரி என்ற பேச்சுக்கே இடம் உண்டு; அதே சமயம் அது அளவுக்கு மீறி உயர்ந்து, அணுவைக் குழியின் மேல் ஆற்றல் நிலைக்கு ஏற்றிவிடும் ஆற்றலை எட்டினால் திரள் சூடாகிக் கலைந்துவிடும். ஆய்வாளர்கள் இந்த இரு கரைகளுக்கும் நடுவேதான் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது.

தொகுதியைத் தொடும் வழி மிக அண்மைக்காலத்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் டேவிட் வெல்ட் குழுவினர் ஸ்ட்ரான்சியம் அணுக்களின் செறிபொருளை, ஃபிளாரன்ஸ் பாணியிலான இரட்டை அணிக்கோவையில் வைத்தனர். இரண்டையும் சேர்த்து ஆட்டினால் பீசாவில் நிகழ்ந்ததுபோல ஊடுருவல் குறையும், பின்னத்தின் பகுதி சிறுக்கும், அணுக்கள் ஓரிடப்படும். அவர்கள் செய்தது அதுவன்று. முதன்மை அணிக்கோவையை அசையாமல் வைத்துவிட்டு, ஏற்றத்தாழ்வுகளை உண்டாக்கும் இரண்டாவது அணிக்கோவையை மட்டும் அதற்கு எதிராக இடவலமாக அலைக்கழித்தனர். அப்போது ஒவ்வொரு குழியின் உயரமும் வேகமாக ஏறி இறங்குவதால் அணு உணர்வது அதன் சராசரியை மட்டுமே. அந்தச் சராசரியைக் கணக்கிட்டால் பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்க, அதே பெஸ்ஸல் சார்பு அதைப் பெருக்கி நிற்கிறது. ஆட்டத்தின் வீச்சு 2.405ஐ எட்டும்போது ஒழுங்கின்மையே கரைந்துபோகிறது. ஓரிடப்பட்டு நின்ற அணுக்கள், அவற்றை நிறுத்திய ஒளி இன்னும் முழு வலிமையோடு எரிந்துகொண்டிருக்கும்போதே, பரவத் தொடங்குகின்றன. வீச்சை இன்னும் கூட்டினால் சார்பின் மதிப்பு எதிர்க்குறியோடு மறுபடி வளர்வதால், ஒளி போதிய அளவு வலுவாக இருந்தால் அணுக்கள் திரும்பவும் நின்றுவிடுகின்றன. 2024இல் வெளியான இந்த ஆய்வில் ஓரிடப்பட்ட நிலைக்கும் பரவும் நிலைக்கும் இடையே அமைப்பை விரும்பியபடி மாறி மாறிக் கொண்டுசெல்ல முடிந்தது, கோட்பாட்டில் எந்த எண்ணையும் பின்னர் சரிக்கட்டாமலேயே அளவீடுகளும் கணிப்பும் பொருந்தின.

ஒரே சார்பு, ஒரே 2.405, ஆனால் ஒன்றுக்கொன்று நேரெதிரான விளைவுகள் என்பது தற்செயலன்று. இரட்டை அணிக்கோவையின் சமன்பாடு, காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட இரு பரிமாண அணிக்கோவையில் இயங்கும் எலக்ட்ரானின் சமன்பாட்டோடு ஒத்தது என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அந்த மாற்று உருவில், ஒழுங்கின்மையின் அளவு என்பது கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது திசையில் நிகழும் ஊடுருவலாக மாறிவிடுகிறது. ஆகவே இரண்டாவது அணிக்கோவையை ஆட்டுவது, அந்த மறைந்த திசையில் டன்லப்-கென்கரே விசையைச் செலுத்துவதற்குச் சமம். மறைந்த திசையில் ஓட்டம் நிற்கும்போது தெரியும் திசையில் ஓட்டம் திறந்துகொள்கிறது. இத்துறையில் இவ்வளவு அழகாக இரண்டு பழைய கருத்துகள் ஒன்றையொன்று சந்தித்த இடம் வேறில்லை.

இதுவரை கூறியவற்றில் விசையின் வேலை, ஏற்கெனவே இருக்கும் ஊடுருவலையோ ஒழுங்கின்மையையோ கூட்டிக் குறைப்பதோடு நின்றது. ஒழுங்கின்மை சிறிதும் இல்லாத இடத்தில், காலச்சீர் விசையே ஒழுங்கின்மையின் பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு ஓரிடப்படுதலை உண்டாக்கிவிடும் என்பது இதைவிட ஆழமான கண்டுபிடிப்பு, வரலாற்றில் முந்தியதும்கூட. பனிப்போர் நிலவிய காலத்திலும் இத்தாலியின் ஜூலியோ கசாட்டி, சோவியத் ஒன்றியத்தின் நோவோசிபிர்ஸ்கிலிருந்து போரிஸ் சிரிகோவ், ஃபெலிக்ஸ் இஸ்ரைலெவ், அமெரிக்காவின் ஜோசப் ஃபோர்ட் ஆகிய நால்வரும் கூடிச் செய்த கணினி ஆய்வு 1979இல் வெளியானது. தடையின்றிச் சுழலும் ஒரு சுழலிக்குச் சம கால இடைவெளிகளில் நொடிப்பொழுது உதைகள் கொடுக்கப்படுகின்றன; ஒவ்வொரு உதையின் வலிமையும் அந்தக் கணத்தில் சுழலி நிற்கும் கோணத்தைப் பொறுத்தது. நியூட்டனின் இயக்கவியலில், உதை போதிய வலுவுடையதாக இருந்தால் சுழலியின் கோணம் கணிக்கவியலாத குழப்பத்தில் விழுந்து, அதன் ஆற்றல் உதைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் முடிவின்றி வளரும். குவாண்டம் சுழலியின் ஆற்றலோ முதலில் அதேபோல வளர்ந்து, பிறகு ஓரளவில் நின்றுவிட்டது. எத்தனை உதை கொடுத்தாலும் அது மேற்கொண்டு ஆற்றலை ஏற்கவில்லை.

ஏன் என்ற கேள்விக்கு 1982இல் ஷ்முவேல் ஃபிஷ்மன், டேனியல் கிரெம்பெல், ரிச்சர்ட் பிரேஞ்ச் ஆகியோர் விடை தந்தனர். குவாண்டம் சுழலியின் உந்தம் முழு எண் படிகளில்தான் அமையும். ஓர் உதைக்கும் அடுத்த உதைக்கும் இடையே ஒவ்வொரு படியிலும் உள்ள அலைப் பகுதி, அந்தப் படியின் எண்ணுடைய வர்க்கத்துக்கு ஏற்பக் கட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறது. கட்டம் என்பது வட்டத்தைச் சுற்றிவரும் அளவு என்பதால், வேகமாக வளரும் வர்க்க எண்கள் வட்டத்தில் எங்கெங்கோ விழுந்து, ஏறத்தாழ ஒழுங்கற்ற வரிசையாகிவிடுகின்றன. இடம் என்பதற்குப் பதிலாக உந்தம் என்று வாசித்தால் சுழலியின் சமன்பாடு ஆண்டர்சனின் சமன்பாடாகவே உருக்கொள்கிறது. சுழலி ஓரிடப்படுவது வெளியில் ஓர் இடத்திலன்று, உந்தத்தில். உதையின் வலிமையை இரட்டிப்பாக்கினால் உந்தத்தில் அது பரவும் எல்லை ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

இதை அணுக்களில் காணலாம் என்று ராபர்ட் கிரஹாம், மைக்கேல் ஷ்லாட்மன், பீட்டர் சோலர் ஆகியோர் 1992இல் முன்மொழிந்தனர், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் மார்க் ரைசன் குழுவினர் 1995இல் செய்துகாட்டினர். குளிர்விக்கப்பட்ட சோடியம் அணுத்திரள்மீது, சோடியத்தின் மஞ்சள் நிறமான 589 நானோமீட்டருக்கு மிக அருகில் அமைந்த லேசர் நிலை அலை, மிகக் குறுகிய துடிப்புகளாகத் திரும்பத் திரும்ப வீசப்பட்டது. நிலை அலையில் அணு, ஒரு கற்றையிலிருந்து ஓர் ஒளித்துகளை ஏற்று எதிர்க் கற்றையில் உமிழும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் மாறுகிறது. சுழலியின் முழு எண் படி இங்கே இந்த 6 சென்டிமீட்டர் படியாக அமைகிறது. துடிப்புகள் முடிந்ததும் அணுக்களைச் சிறிது நேரம் விரியவிட்டுப் படமெடுத்தால், எந்த வேகத்தில் எத்தனை அணுக்கள் என்ற வரைபடம் கிடைக்கும். தொடக்கத்தில் மணி வடிவில் இருந்த வரைபடம் முதல் சில உதைகளில் அகன்று, பின்னர் அகல்வதை நிறுத்தி, மடக்கை அளவில் வரையும்போது இருபுறமும் நேர்கோடாகச் சரியும் வடிவத்தைக் கொண்டது; ஆண்டர்சன் சொன்ன அடுக்குக்குறித் தேய்வின் கையொப்பம் அந்த நேர்கோடு.

உந்தத்தில் நிகழும் இந்த ஓரிடப்படுதலைக் கட்டுப்படுத்தும் வழி, உதைகளின் தாளத்தில் புதிய அதிர்வெண்களைக் கலப்பது. உதையின் வலிமையை மாறாமல் வைப்பதற்குப் பதிலாக, உதைகளின் அதிர்வெண்ணோடு விகிதமுறா எண்களால் தொடர்புடைய இரண்டு அலைகளைக் கொண்டு அதை மெல்ல ஏற்றி இறக்கினால், ஒரு பரிமாணச் சுழலி கணித அளவில் மூன்று பரிமாண ஆண்டர்சன் அமைப்பாகவே நடந்துகொள்ளும் என்று கசாட்டி, குவார்னேரி, ஷெப்பல்யான்ஸ்கி ஆகியோர் 1989இல் கண்டனர். ஒவ்வொரு புதிய அதிர்வெண்ணும் ஒரு புதிய பரிமாணத்தைத் திறந்துவிடுகிறது. பிரான்சின் லீல் நகரில் ஜான்-குளோட் கரோ, பாஸ்கல் ஷ்ரிஃப்ட்கீசர் ஆகியோரும், பாரிசிலிருந்து தொமினிக் தெலாண்டும் இணைந்த குழு 2008இல் சீசியம் அணுக்களில் இதைச் செயலாக்கியது. அவர்கள் தேர்ந்த எண்கள் √5, √13. உதை மென்மையாக இருந்தபோது அணுக்கள் உந்தத்தில் நின்றன, வன்மையாக இருந்தபோது தடையின்றிப் பரவின, இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையில் ஆற்றல் காலத்தின் மூன்றில் இரண்டாம் அடுக்கில் வளர்ந்தது. உலோகம் கடத்தாப் பொருளாக மாறும் எல்லையை நெருங்கும்போது ஓரிடப்படுதலின் நீளம் எவ்வளவு விரைவாக முடிவிலியை நோக்கிச் செல்கிறது என்பதைச் சொல்லும் எண்ணை, 2012இல் இதே குழு 1.63 என்று, 0.05 பிழை வரம்போடு அளந்தது. ஆண்டர்சன் மாதிரியின் கணினிக் கணிப்பு ஏறத்தாழ 1.58. ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் சேர்த்து இரு பரிமாண நடத்தையையும் அவர்கள் பின்னர், 2015இல், கண்டனர். ஆண்டர்சன், ராமகிருஷ்ணன் உள்ளிட்டோரின் 1979ஆம் ஆண்டுக் கட்டுரை பரிமாணத்தைப் பற்றிச் சொன்னவை, பரிமாணமே மாறாத ஓர் அணுத்திரளில், உதைகளின் தாளத்தை மாற்றியதால் மட்டுமே ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

தாளம் பிசகினால் என்ன ஆகும் என்பதும் அளக்கப்பட்டிருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்திலும் ஆஸ்டினிலும் 1998இல் நடந்த சோதனைகளில், உதைகளின் வலிமையில் இரைச்சலைக் கலந்தபோதோ, அணுக்கள் தாமாகவே ஒளியை உமிழும்படி விட்டபோதோ, குறுக்கீட்டுக்கு அடிப்படையான ஓரியல் தன்மை சிதைந்து அணுக்கள் பழையபடி பரவத் தொடங்கின. இந்தியாவில், புனேயில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில், எம். எஸ். சந்தானம், உமாகாந்த் ராபோல் ஆகியோரின் குழு 2017இல் இரைச்சலின் அளவோடு நிற்காமல் அதன் வகையையும் கேள்விக்குட்படுத்தியது. உதைகளின் ஒழுங்கு குலையும் தருணங்களுக்கிடையேயான இடைவெளிகளை, எப்போதாவது மிக நீண்ட இடைவெளிகளும் வரக்கூடிய லெவி புள்ளியியலின்படி அமைத்தபோது, ஓரியல் தன்மை வழக்கமான அடுக்குக்குறி வேகத்தில் அழியாமல் அதைவிட மெதுவாகவே அழிந்தது, பரவலும் வழக்கத்தைவிடத் தளர்ந்தது. ஓரிடப்படுதலை இரைச்சல் கெடுக்கும் என்பதோடு, எந்த அளவுக்குக் கெடுக்கலாம் என்பதும் ஆய்வாளரின் கைக்குள் வருகிறது என்பதே அச்சோதனையின் பெருமை.

எஞ்சியிருந்த கடினமான கேள்வி, அணுக்கள் ஒன்றோடொன்று மோதும்போது இவையெல்லாம் நிலைக்குமா என்பது. மேலே சொன்ன விளக்கங்கள் அனைத்தும் தனித்தனி அணுவின் அலையைப் பற்றியவை. மோதல்கள் ஓர் அணுவின் கட்டத்தை இன்னொன்றின் நிலையோடு பிணைப்பதால், இரைச்சல் செய்த வேலையை அவையே செய்துவிடலாம். இது வெறும் கோட்பாட்டுக் கவலையன்று. காலச்சீர் விசையைக் கொண்டு பொருளுக்குப் புதிய இயல்புகளைத் தரும் முயற்சி எதுவானாலும், விசை ஓயாமல் ஊட்டும் ஆற்றலால் அமைப்பு சூடாகி எல்லாவற்றையும் இழந்துவிடும் அபாயத்தோடு போராட வேண்டியிருக்கிறது. மோதும் அணுக்களிலும் ஓரிடப்படுதல் நீடிக்குமானால் அந்தச் சூடேற்றத்துக்கு அதுவே அணையாகும்.

மியூனிக்கில் இமானுவேல் பிளாக் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மோதும் பொட்டாசியம் அணுக்கள் ஓரிடப்பட்டிருந்த இரட்டை அணிக்கோவையின் ஒழுங்கின்மையைக் காலச்சீராக ஏற்றி இறக்கியபோது, அதிர்வெண் உயர்ந்திருந்தால் ஓரிடப்பட்ட நிலை தாக்குப்பிடித்தது, தாழ்ந்திருந்தால் குலைந்தது. உதைபடும் அணுக்களிலோ விடை உடனே கிட்டவில்லை. 2022இல் சாண்டா பார்பராவில் லித்தியத்தைக் கொண்டும், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இட்டர்பியத்தைக் கொண்டும் நடந்த இரு சோதனைகளில், மோதல்கள் இருந்தபோது ஆற்றல் நின்றுவிடாமல் மிக மெதுவாக ஊர்ந்து ஏறிக்கொண்டே இருந்தது. நியூட்டனின் இயக்கவியல் சொல்லும் வேகத்தை எட்டவும் இல்லை, முழுமையாக நிற்கவும் இல்லை. 2025இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ஹன்ஸ்-கிறிஸ்டோஃப் நேகெர்ல் குழுவினர், ஒளியால் ஆன மெல்லிய குழாய்களுக்குள் ஒற்றை வரிசையில் அடைக்கப்பட்டு வலுவாக மோதிக்கொள்ளும் சீசியம் அணுக்களை உதைத்தபோது, உந்தம் பரவுவது தொடக்கத்துக்குப் பின் நின்றுவிட்டதைக் கண்டனர். உதைகளின் தாளத்தில் ஒழுங்கின்மையைக் கலந்தவுடன் அதே திரள் மீண்டும் ஆற்றலை உறிஞ்சிப் பரவத் தொடங்கியது. ஒரு பரிமாணத்தில் நிகழ்ந்த இது, குழாய்களின் சுவர்களைத் தளர்த்தி அணுக்களை இரண்டு, மூன்று பரிமாணங்களில் மோதவிட்டாலும் நீடிக்குமா என்பது அடுத்து நடக்க வேண்டிய சோதனைகளின் பொருள்.